எஸ்.டி.எல். நேரத்தில் லெக்சர் எடுக்காதீர்கள்

நம் மருத்துவக் கல்லூரிப் பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையின் சாரம் இது: எல்லாத் துறைகளின் எஸ்.டி.எல். (செல்ஃப் டைரக்டட் லேர்னிங், மாணவர் தானே வழிநடத்திக் கற்பது) நேரத்தையும் ஒன்றாகத் திரட்டிச் சனிக்கிழமை பிற்பகலுக்கு மாற்றுகிறோம். 150 மாணவர்களும் பெரிய லெக்சர் ஹாலில் உட்கார வேண்டும். துறைக்கு ஒருவர் மேற்பார்வைக்கு இருந்தால் போதும். பாதி நேரத்தில் வெளியிலிருந்து வரும் பயிற்சி நிறுவனம் எம்.சி.க்யூ. (சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்) வகுப்பு எடுக்கும், லாக்புக்கில் தலைப்பு, தேதி, கையெழுத்து மூன்றும் இருந்தால் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போதும். இதை எங்களால் ஏற்க முடியவில்லை. முதலாண்டு வகுப்பிலும் வார்டிலும் இந்த மாணவர்களோடு தினமும் நிற்கிறவர்கள் நாங்கள். உள்ளுக்குள் ஒரு குறிப்பாக எழுதாமல் ஊரறிய எழுதுவதற்குக் காரணம் உண்டு. சென்னையில் வேறு கல்லூரி ஆசிரியர்களிடம் பேசினாலும் இதே கதைதான் வருகிறது.

2019-ல் நடைமுறைக்கு வந்த திறன் அடிப்படையிலான எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், எஸ்.டி.எல்.லுக்கென்று அனாடமியில் 40 மணி நேரம், ஃபிசியாலஜியில் 25, பயோகெமிஸ்ட்ரியில் 20 என்று தனியாக ஒதுக்கியது. இரண்டாம் கட்டத்தில் பேத்தாலஜிக்கும் ஃபார்மகாலஜிக்கும் தலா 12, மைக்ரோபயாலஜிக்கு 10. பின்னால் வந்த திருத்தங்களில் எண்கள் மாறின, எஸ்.டி.எல். என்ற பகுதியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதே பாடத்திட்டம் படித்து முடித்து வெளியே போகும் மருத்துவருக்கு ஐந்து பொறுப்புகளைச் சொன்னது: சிகிச்சை தருபவர், குழுவை நடத்தவும் குழுவில் வேலை செய்யவும் தெரிந்தவர், நோயாளியிடம் பேசத் தெரிந்தவர், வாழ்நாள் முழுக்கக் கற்பவர், தொழில் நெறி தவறாதவர். இதில் நாலாவது பொறுப்புக்கு ஒரு துறை கிடையாது, துறைத் தலைவர் கிடையாது, பல்கலைக்கழகத் தேர்வில் ஒரு தாளும் கிடையாது. இந்தச் சொற்ப மணி நேரம்தான் டைம்டேபிளில் அதற்கு இருக்கும் இடம். கேட்க ஆளில்லாத இடம் என்பதால்தான் எல்லோரும் அதில் கை வைக்கிறார்கள்.

எஸ்.டி.எல். என்றால் என்ன என்பதில் குழப்பம் இருக்கத் தேவையில்லை. மால்கம் நோல்ஸ் 1975-லேயே அதன் படிகளைச் சொல்லிவிட்டார். தனக்கு எது தெரியவில்லை என்று கண்டுபிடிப்பது, என்ன கற்க வேண்டும் என்று வரையறுப்பது, அதற்கான ஆளையும் நூலையும் தேடுவது, பொருத்தமான வழியில் கற்பது, கற்றோமா என்று சோதிப்பது. இதைத் தனியாகவும் செய்யலாம், பிறர் உதவியோடும் செய்யலாம் என்பதும் அவர் சொன்னதுதான். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் எல்.சி.எம்.இ. இதே வரிசையைக் கேட்கிறது. கூடவே, மாணவர் எப்படித் தேடினார், எந்த மூலத்தை ஏன் நம்பினார் என்பது பற்றி ஆசிரியர் அவருக்கு எடுத்துச்சொல்லவும் வேண்டும் என்கிறது. உங்கள் சுற்றறிக்கையில் இந்த ஐந்தில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது: உட்கார்ந்து படிப்பது. தலைப்பைத் துறை கொடுத்துவிடுகிறது, நூலைப் பயிற்சி நிறுவனம் கொடுத்துவிடுகிறது, சோதிப்பது யாருமில்லை.

இப்போதே ஹாலில் நடப்பது என்ன என்று பார்த்துவிடுவோம். துறை ஒரு தலைப்பை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறது. பத்துப் பேருக்கு ஒரு தலைப்பு. அதில் இரண்டு பேர் உட்கார்ந்து பவர்பாயின்ட் செய்கிறார்கள். சீனியர் பேட்ச் செய்த அதே ஸ்லைடுகள் டெலிகிராமில் கிடைத்தால் அந்த வேலையும் மிச்சம். வகுப்பில் ஒருவர் திரையைப் பார்த்து வாசிக்கிறார், மேற்பார்வையாளர் “குட்” என்கிறார், பின்வரிசையில் க்யூபேங்க் (தேர்வுக் கேள்வித் தொகுப்பு) ஓடுகிறது. லாக்புக் கையெழுத்துகள் பெரும்பாலும் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் அடுக்கி வைத்துப் போடப்படுகின்றன. ‘நான் கற்றது என்ன’ என்ற பகுதியைப் புரட்டிப் பாருங்கள்: முப்பது புத்தகங்களில் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழையோடு. மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கையெழுத்தை மட்டுமே எண்ணினால் கையெழுத்துதான் கிடைக்கும்.

‘பெரிய பிள்ளைகள், தங்களுக்கு எது தெரியாது என்று தெரியாதா’ என்று கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். தெரியாது என்பதுதான் ஆய்வுகள் சொல்வது. 2006-ல் ‘ஜாமா’ என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு, மருத்துவர்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டுக்கொண்டதை வெளியார் மதிப்பீட்டோடு 20 ஒப்பீடுகளில் வைத்துப் பார்த்தது. 13-ல் இரண்டுக்கும் தொடர்பு குறைவு, அல்லது இல்லை, அல்லது நேர் எதிர். திறமை குறைந்தவர்களும் அதிகத் தன்னம்பிக்கை கொண்டவர்களும்தான் தங்களை மிக மோசமாகக் கணித்திருந்தார்கள். பயிற்சி முடித்த மருத்துவர்களுக்கே இந்தக் கதி. ப்ளஸ் டூவிலும் நீட் பயிற்சியிலும் இன்று எந்தப் பாடம், நாளைக்கு எந்த டெஸ்ட் என்று அடுத்தவர் சொல்லி, அதை மட்டும் படித்து வந்த 18 வயதுப் பிள்ளையிடம் ‘நீயே தேர்ந்தெடு’ என்றால், தனக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் தேர்ந்தெடுக்கும். அது சோம்பலால் வருவதில்லை. தெரிந்ததைத் திரும்பப் படிக்கும்போது எல்லாம் புரிகிற மாதிரி இருக்கும். மஞ்சள் மார்க்கர் போட்ட பக்கம் மனதில் ஏறிவிட்டது போலவே தோன்றும். புத்தகத்தை மூடிவிட்டு எழுதச் சொன்னால்தான் சாயம் வெளுக்கும்.

ஆகவே இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், படிப்படியாகக் கையை விட வேண்டும். முதலாண்டில் கேள்வியை ஆசிரியர் தரட்டும், இரண்டு மூலங்களையும் அவரே காட்டட்டும். இரண்டாம் ஆண்டில் ஆசிரியர் ஒரு கேஸை மட்டும் கொடுக்கட்டும், கேள்வி மாணவருடையதாக இருக்கட்டும். இறுதியாண்டில் கேஸையும் அவரே வார்டிலிருந்து எடுத்து வரட்டும். ஹவுஸ் சர்ஜன் காலத்தில், அதாவது கடைசிப் பயிற்சி ஆண்டில், கேள்வி, தேடல், பதில், அது நோயாளிக்குப் பயன்பட்டதா என்பது வரை அவர் பொறுப்பு. முதலாண்டு மாணவரையும் இறுதியாண்டு மாணவரையும் ஒரே முறையில் ஹாலில் உட்கார வைப்பது இந்த ஏணியின் எல்லாப் படியையும் பிடுங்கிவிட்டு ஏறச் சொல்வது.

ஒரு சுற்று எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறோம். மூன்று மணி நேரம்: குழுவாக ஒரு மணி, லைப்ரரியில் ஒரு மணி, ஒரு வாரம் கழித்து மறுபடி குழுவாக ஒரு மணி. குழுவுக்கு 12 அல்லது 13 பேர். அதற்கு மேல் போனால் மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் பார்வையாளர்கள்.

முதல் அமர்வில் பத்து நிமிடம் கேஸ். அனாடமிக்கு ஒரு உதாரணம்: மூன்று வயதுக் குழந்தையைக் கையைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள், அதிலிருந்து குழந்தை முழங்கையை அசைக்க மறுக்கிறது. அடுத்த பதினைந்து நிமிடம் புத்தகமும் போனும் இல்லாமல் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததைத் தாளில் எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எவ்வளவு உறுதி என்று பத்துக்கு ஒரு மதிப்பெண். இந்தத் தாளை ஆசிரியர் வாங்கி வைத்துக்கொள்கிறார். பிறகுதான் கேள்விகள். இங்கேதான் ஆசிரியர் தேவை. ‘எல்போ ஜாயின்ட் பற்றிப் படிக்கணும்’ என்று மாணவர் சொல்வார். அது கேள்வி கிடையாது, அத்தியாயத் தலைப்பு. அதை ‘இந்த வயதில் ரேடியஸின் தலை ஆன்யுலர் லிகமென்டிலிருந்து ஏன் நழுவுகிறது, 5 வயதுக்கு மேல் இது ஏன் அரிதாகிறது’ என்ற அளவுக்குக் குறுக்கிக் கொண்டுவர இருபது நிமிடம் ஆகும். முதல் இரண்டு மூன்று சுற்றுகளில் அதற்கு மேலும் ஆகும், பொறுத்துக்கொள்ள வேண்டும். மீதி நேரத்தில் யார் எதைத் தேடுவது, எங்கே தேடுவது என்று முடிவு.

இடையில் லைப்ரரி மணி நேரம். பதிலைவிட வந்த வழி முக்கியம். அரைப் பக்கச் சீட்டு ஒன்று போதும்: என்ன சொல் போட்டுத் தேடினேன், என்ன கிடைத்தது, எதை ஒதுக்கினேன், ஏன்.

இரண்டாம் அமர்வில் ஸ்லைடு கூடாது. ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் வாயால் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் போர்டில் வரையலாம். ஆசிரியரின் வேலை மூன்று கேள்விகள்: இது எங்கே இருந்தது, எந்த ஆண்டு, யாரை வைத்துச் சொன்னார்கள். கடைசிப் பத்து நிமிடம் ஐந்து குறுவினாக்கள், புத்தகம் மூடிய நிலையில். போன வாரத் தாளைத் திருப்பிக் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். பத்துக்கு ஒன்பது உறுதி என்று எழுதிய வரி தப்பாக இருப்பதைத் தன் கையெழுத்திலேயே பார்க்கும் மாணவர், அடுத்த தடவை எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று கற்றுக்கொள்கிறார். இந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் மற்ற எல்லாமே. நேரம் போதவில்லை என்று பலரும் முதலில் வெட்டுவதும் இதைத்தான்.

இதில் பெரும்பாலும் கெடுவது ஆசிரியரால். அமைதி இரண்டு நிமிடம் நீடித்தால் நம்மால் தாங்க முடிவதில்லை. சாக்பீஸை எடுத்துவிடுகிறோம், அப்புறம் அது லெக்சர். எங்களில் பலருக்கும் இந்த வியாதி உண்டு. பயிற்சி இல்லாமல் போகாது.

ஆள் கணக்கும் போட்டுப் பார்த்தோம். 150 மாணவர்கள், 12 குழுக்கள். ஆறு குழுக்கள் எஸ்.டி.எல்.லில் இருக்கும்போது மற்ற ஆறும் ப்ராக்டிகலில் இருந்தால், ஒரு நேரத்துக்கு ஆறு ஆசிரியர் போதும். சீனியர் ரெசிடென்ட், ட்யூட்டர் எல்லோரையும் சேர்த்தால் ஒரு துறையால் முடியாத எண்ணிக்கை இல்லை. 2019-ன் கணக்கில் பார்த்தால் அனாடமியின் 40 மணி நேரத்தில் இப்படி 13 சுற்று, பேத்தாலஜியின் 12-ல் 4. சனிக்கிழமை ஹாலில் ஒருவரை நிறுத்துவதைவிட இது கஷ்டம்தான், மறுக்கவில்லை.

முதலாண்டைவிட எங்களுக்குக் கவலை தருவது வார்டு. 2014-ல் ஜாமா இன்டர்னல் மெடிசினில் வந்த தொகுப்பாய்வின்படி, மருத்துவர்களுக்குப் பத்து நோயாளிகளைப் பார்த்தால் ஏறத்தாழ ஆறு கேள்விகள் எழுகின்றன. அதில் பாதியைத்தான் தேடிப் பார்க்கிறார்கள். தேடியவற்றில் 78 சதவீதத்துக்குப் பதில் கிடைத்தும் விடுகிறது. தேடாமல் விட்டதற்கு முக்கியக் காரணங்கள் நேரமின்மையும், பதில் இருக்காது என்ற எண்ணமும். நம் வார்டில் மூன்றாவது ஒன்றையும் பார்க்கிறோம்: பயம். ரவுண்ட்ஸில் ‘தெரியாது சார்’ என்று சொன்ன ஹவுஸ் சர்ஜன் எல்லோர் முன்னாலும் வாங்கிக்கட்டிக்கொண்டால், அடுத்த நாளிலிருந்து அந்த யூனிட்டில் ஒருவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தெரிந்த மாதிரி தலையாட்டப் பழகிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் பின்னால் நோயாளியிடம் போய் முடிகிறது.

2003-ல் வெளிவந்த ‘ஸ்னாப்ஸ்’ என்ற கேஸ் சொல்லும் முறையை மெடிசின் யூனிட்டுகளில் கொண்டுவரக் கேட்கிறோம். ஆறு படிகள்: கேஸைச் சுருக்கமாகச் சொல்வது, இரண்டு மூன்று டயக்னோசிஸாகக் குறைப்பது, அவற்றை ஒப்பிட்டு அலசுவது, புரியாததை ஆசிரியரிடம் கேட்பது, சிகிச்சைத் திட்டம் சொல்வது, தானே படிக்க ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுப்பது. நாலாவது படியில் தெரியாததைக் கேட்பதே மாணவரின் கடமை ஆகிவிடுகிறது. திட்டு வாங்கும் குற்றமாக இருப்பதில்லை. ஆறாவது படி எஸ்.டி.எல். தவிர வேறில்லை. தனி ஹாலோ தனிச் சனிக்கிழமையோ வேண்டியதில்லை.

ஒரு கேஸை வைத்துப் பார்க்கலாம். 62 வயது, பீடி பழக்கம், சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), பத்து வருடச் சர்க்கரை. மூச்சுத்திணறல் கூடி ராத்திரி அட்மிட். நெபுலைசேஷன், ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் எல்லாம் ஆரம்பித்தாயிற்று. காலையில் சர்க்கரை 340. கேஸ் ஷீட்டில் ப்ரெட்னிசோலோன் 40 மி.கி., எத்தனை நாள் என்று இல்லை. யூனிட் வழக்கம் பதினாலு நாள். ‘சி.ஓ.பி.டி. படிச்சிட்டு வா’ என்று சொன்னால் ஹவுஸ் சர்ஜன் கோச்சிங் நோட்ஸில் ஒரு பக்கம் புரட்டுவார், அதோடு முடிந்தது. கேட்க வேண்டிய கேள்வி இது: ‘சி.ஓ.பி.டி. முற்றி அட்மிட் ஆனவருக்கு ஸ்டீராய்டு ஐந்து நாள் கொடுத்தால், பதினாலு நாள் கொடுப்பதைவிட, ஆறு மாதத்துக்குள் மறுபடி இதே தொந்தரவு வருவது கூடுமா?’ நோயாளி, சிகிச்சை, ஒப்பீடு, விளைவு நாலும் இதில் இருப்பதால் பப்மெட்டில் (மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளம்) பத்து நிமிடத்தில் பதிலைப் பிடித்துவிடலாம். 2013-ல் ஜாமாவில் வந்த சுவிட்சர்லாந்து ஆய்வு, 314 நோயாளிகள். ஐந்து நாள் குழுவில் 35.9 சதவீதம் பேருக்கும் பதினாலு நாள் குழுவில் 36.8 சதவீதம் பேருக்கும் ஆறு மாதத்துக்குள் மறுபடி வந்தது. ஆக, ஐந்து நாள் எந்த வகையிலும் குறைவில்லை. உடம்புக்குள் போன மொத்த ஸ்டீராய்டு பாதிக்கும் கீழே.

இத்தோடு விட்டால் அரைக்கிணறுதான். அடுத்து ஆசிரியர் கேட்க வேண்டியது: அந்த ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள்? 40 வயதுக்கு மேற்பட்ட, குறைந்தது 20 பேக்-இயர் (தினம் ஒரு பாக்கெட் வீதம் 20 வருடத்துக்குச் சமம்) புகைத்தவர்கள். இந்த நோயாளிக்குச் சரி. பக்கத்து வார்டில் முப்பது வருடம் விறகடுப்பில் சமைத்து மூச்சுத்திணறலோடு வந்திருக்கும் அம்மாவுக்கு? அவர் புகைத்ததே இல்லை. இந்த ஆய்வு அவரைப் பற்றி நேராகப் பேசவில்லை. வேறு நல்ல ஆதாரம் கிடைக்காதவரை இதையே பயன்படுத்தலாம், ஆனால் ஆஸ்துமா இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆய்வில் கொடுத்த மருந்து ப்ரெட்னிசோன், இங்கே கொடுப்பது ப்ரெட்னிசோலோன், மி.கி.க்கு மி.கி. சமம் என்பதையும் மாணவர் தானாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். கடைசியாக, சீஃப் ஒப்புக்கொண்டால் கேஸ் ஷீட்டிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் நிறுத்தும் தேதி ஏற வேண்டும். ஃபார்மசியில் 5 மி.கி. மாத்திரைதான் என்றால் ஒரு வேளைக்கு எட்டு மாத்திரை, ஐந்து நாளைக்கு 40 என்று எண்ணிக்கையோடு எழுத வேண்டும். தேதி இல்லாத சீட்டை வைத்துக்கொண்டு, மூச்சு லேசாகிறதே என்று மெடிக்கல் ஷாப்பில் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களைச் சர்க்கரை ஓ.பி.யில் பார்க்காத மருத்துவர் இங்கே யார்?

இதற்கு ஆகும் நேரம், தேடலுக்குப் பதினைந்து நிமிடம், ரவுண்ட்ஸில் நாலு நிமிடம். அட்மிஷன் டேயில் ரத்தம் எடுக்கவும் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடவும் ட்ராலி தள்ளவுமே ஹவுஸ் சர்ஜனுக்கு நேரம் போகிறது என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் ஒரு அட்மிஷன் டேக்கு ஒரு கேள்வி போதும் என்கிறோம். அதற்கு மேல் கேட்டால் கதை எழுதித் தருவார்கள்.

உங்கள் தரப்பு வாதத்தையும் மதிக்கிறோம். பல்கலைக்கழகத் தேர்வு இருக்கிறது, நீட் பி.ஜி. இருக்கிறது, பெற்றோர் கேட்கிறார்கள். எம்.சி.க்யூ. பயிற்சிக்கு நாங்கள் எதிரியும் இல்லை. தன்னைத்தானே கேள்வி கேட்டுப் பார்ப்பதும், இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதும் நினைவில் நிற்க உதவும் வழிகளிலேயே நன்றாக நிரூபிக்கப்பட்டவை. ஒரு மாணவர் 40 கேள்வி போட்டு, தவறியதை ‘தெரியாதது’, ‘தெரிந்தும் குழம்பியது’, ‘கேள்வியைச் சரியாக வாசிக்காதது’ என்று பிரித்து, முதல் வகையிலிருந்து நாளைக்குப் படிக்க ஒன்றை எடுத்தால் அது நல்ல எஸ்.டி.எல். வெளியாள் ஒருவர் ‘இது ரிப்பீட் கொஸ்டின், குறிச்சிக்கோங்க’ என்று 150 பேருக்குச் சொல்வது கோச்சிங். நடத்துங்கள், ஆனால் வேறு நேரத்தில், அந்தப் பெயரிலேயே நடத்துங்கள்.

ஏ.ஐ. சாட்பாட்டையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள், தடுக்க முடியாது. கேள்வியைக் கூர்மையாக்க அது உதவும். மூலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது: இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் பக்க எண்ணும் போட்டுத் தரும். அது காட்டும் ஒவ்வொரு கட்டுரையையும் பப்மெட்டில் திறந்து பார்த்தேன் என்ற வரி லைப்ரரிச் சீட்டில் இருக்க வேண்டும். இந்த விதியை அச்சிட்டுக் கொடுக்க ஒரு நாள் போதும்.

இவ்வளவு அழுத்துவது ஏன் என்றால், கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது கடைசிவரை செல்லுபடியாவதில்லை. இதே சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் கீமோதெரபி மையம், சானடோரியத்தில் படுக்க வைக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று காட்டியது. சேத்துப்பட்டில் இன்று என்.ஐ.ஆர்.டி. (தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) என்ற பெயரில் இருப்பது அதுதான். அந்த ஆய்வு வந்த 1959-ல், ஊர் ஊராக இருந்த மருத்துவர்கள் தாங்கள் படித்ததைக் கைவிட வேண்டியிருந்தது. 2010-ல் பட்டம் வாங்கியவர் அரசுத் திட்டத்தில் வாரம் மூன்று நாள் மருந்து என்று படித்தார். 2017-ல் அது தினசரி மருந்தாக மாறியது. யாரும் அவரைத் திரும்ப வகுப்பில் உட்கார வைக்கவில்லை. 2002-ன் மருத்துவ நெறிமுறை விதி கேட்பது ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரத் தொடர்கல்வி. கான்ஃபரன்ஸ் ஹாலில் பையும் சாப்பாடும் வாங்கிக்கொண்டு கழிந்துவிடக்கூடிய 30 மணி நேரம் அது. மீதியெல்லாம் அவர் கையில்தான்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

சனிக்கிழமை ஹால் ஏற்பாட்டைத் திரும்பப் பெறுங்கள். எஸ்.டி.எல். நேரத்தை அந்தந்தத் துறையின் டைம்டேபிளுக்கே திருப்பிக் கொடுத்து, குழுவுக்கு 13 பேருக்கு மேல் இல்லாமல், ஒரு குழுவுக்கு ஒரு ஆசிரியர் என்று ஆணையிடுங்கள். பயிற்சி நிறுவனத்தின் வகுப்பு எஸ்.டி.எல். கணக்கில் ஒரு நிமிடம்கூட வரக் கூடாது. துறைகள் எல்லாம் ஒரே நாளில் மாற வேண்டாம். அனாடமியும் ஃபார்மகாலஜியும் முதலில் தொடங்கட்டும், மற்றவை ஆறு மாதம் கழித்து வரட்டும்.

லாக்புக்கில் இப்போதிருக்கும் ‘தலைப்பு, தேதி, கையெழுத்து’ பத்தியை எடுத்துவிட்டு நாலு பெட்டி போடுங்கள்: என் கேள்வி, தேடிய வழி, கிடைத்த பதிலும் அதன் குறையும், நோயாளிக்கோ என் புரிதலுக்கோ என்ன மாறியது. ஆசிரியர் கையெழுத்தோடு ஒரு வரி கருத்தும் எழுத வேண்டும். கருத்து இல்லாத கையெழுத்து செல்லாது. ஒவ்வொரு பருவத்திலும் பத்தில் ஒரு லாக்புக்கை மருத்துவக் கல்விப் பிரிவு எடுத்து வாசிக்கட்டும். இன்டர்னல் மதிப்பெண்ணில் இதற்குச் சிறு பங்கு கொடுங்கள். ஓ.எஸ்.சி.இ. என்ற செய்முறைத் தேர்வில் ஒரு ஸ்டேஷன் போதும்: அரைப் பக்க கேஸ் கொடுத்து, ஏழு நிமிடத்தில் தேடத்தக்க ஒரு கேள்வியை எழுதச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கு அரை நாள் பயிற்சி வேண்டும், மேடைப் பேச்சாக இல்லாமல். ஒருவர் குழுவை நடத்த, இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து அவர் எத்தனை நிமிடம் பேசினார் என்று குறித்துக் கொடுக்கட்டும். ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் பேச்சு பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் மறுபடி.

லைப்ரரி இ-ஜர்னல்கள் வளாகத்து நெட்வொர்க்கில் மட்டும் திறக்கின்றன. ராத்திரி ட்யூட்டியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனுக்கும் ஹாஸ்டல் மாணவருக்கும் தனி லாகின் கொடுங்கள். வார்டுக்கு ஒரு கம்ப்யூட்டரில் பப்மெட்டும், 2019 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சிகிச்சை வழிமுறைகளும் திறந்தபடி இருக்க வேண்டும். இதற்குத் தனி பட்ஜெட் கேட்கவில்லை. இருக்கும் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டை மாற்றினால் போதும்.

யூனிட் சீஃப்களுக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கள்: போஸ்ட்-அட்மிஷன் ரவுண்ட்ஸில் ஒரு ஹவுஸ் சர்ஜன், ஒரு கேள்வி, ஒரு பதில். ‘தெரியாது’ என்று சொன்னவரை அவமானப்படுத்தக் கூடாது என்பதை அதில் எழுத்தில் போடுங்கள். சீஃப்களே வாரம் ஒரு தடவையாவது ‘இது எனக்கும் தெரியாது, பார்க்கலாம்’ என்று சொன்னால் எந்தச் சுற்றறிக்கையும் தேவைப்படாது.

அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் அஜெண்டாவில் இதை முதல் பொருளாக வைக்கவும், எங்களில் இருவரையும் மாணவப் பிரதிநிதிகள் இருவரையும் அதற்கு அழைக்கவும் கேட்டுக்கொள்கிறோம். முடிவு எதுவானாலும் காரணத்தோடு எழுத்தில் தெரிவியுங்கள். அதுவரை, எங்கள் பெயரில் சனிக்கிழமை மேற்பார்வை போட்டால் ஹாலுக்கு வருவோம், நடக்காத எஸ்.டி.எல்.லுக்கு லாக்புக்கில் கையெழுத்துப் போட மாட்டோம்.

இப்படிக்கு,
முதலாண்டு, மெடிசின் துறை ஆசிரியர்கள் சிலர்
சென்னை